நித்திரையும் கூலியே

தமிழில் 'கொழுப்பு' என்னும் சொல் இரு பொருள் தருவது. ஒன்று உடலிற் படியும் நெய்ப்பொருள், மற்றது திமிர். யாழ்ப்பாணத்தின் பழைய சமூக ஒழுங்கில் இந்த இரண்டாவது பொருள் எப்பொழுதும் மேலிருந்து கீழ்நோக்கியே வீசப்பட்டது. காணியும் கிணறும் உடையவரின் தொந்தி அவருடைய செல்வாக்குக்குச் சாட்சி. அவரிடம் கூலிக்கு நின்றவன் நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்டால் அது கொழுப்பு. கொழுப்பு ஒருவரிடமும் கொழுப்பென்ற பழி இன்னொருவரிடமுமாக இருந்த விந்தையை அன்று பெரிதாக எவரும் கவனிக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. தொந்தி செல்வர்க்கே உரிய சொத்தாக இல்லை. காவலாளி, முச்சக்கரவண்டிச் சாரதி, கடைச் சிப்பந்தி, ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் ஆகியோரிடமும் முன்தள்ளிய வயிற்றையும் மெலிந்த கைகால்களையும் காண்கிறோம். நீரிழிவுச் சிகிச்சைக்காகக் காலையில் வரிசையில் நிற்போரை ஒருமுறை பார்த்தவர்க்கு இது விளங்கும். ஆனால் பழி மட்டும் பழைய திசையிலேயே பாய்கிறது. "சோம்பல், நடப்பதில்லை, வாயைக் கட்டுவதில்லை" என்பது இன்றைய தீர்ப்பு. எவ்வளவு நடந்தாய் என்று கேட்பவர் உளர். என்ன உண்டாய் என்று கேட்பவரும் உளர். எத்தனை மணி நேரம் உறங்கினாய் என்று கேட்பவர் அரியர். அந்தக் கேள்வியைக் கேட்டால் விடை தனிமனிதனின் ஒழுக்கத்தோடு நின்றுவிடாது. அவனுடைய தொழில், கூலி, காணி, வரலாறு எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைக்க நேரும்.

என் அயலவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த கமக்காரர் அவர். 1990இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். போர் முடிந்த 2009க்குப் பின்னர் அப்பகுதிக் காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டன. அவருடைய துண்டு அவற்றுள் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குக் கிடைத்த தொழில் ஒரு கட்டடத்துக்கு இரவுக் காவல். மாலை ஆறு தொடக்கம் காலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம். பகலில் தகரக் கூரையின் கீழ் வெக்கையிலும், தெருச் சத்தத்திலும், பேரப்பிள்ளைகளின் விளையாட்டிலும் அவர் பொறுக்கி எடுக்கும் நித்திரை நான்கு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை.

நீரிழிவு வந்தது. நடக்கச் சொன்னார்கள். அவர் சொல் தவறாத மனிதர். வேலை முடிந்ததும் நேரே வீதியில் இறங்கி முக்கால் மணி நேரம் நடப்பார். நானும் அந்நேரம் நடப்பவன் ஆதலால் இதற்கு நானே சாட்சி. மாதங்கள் சில கழிந்தன. ஒருநாள் அவர் சொன்னார்: "நடக்கிறன் மாஸ்டர், ஆனால் என்னவோ பிழைக்குது. நிறை குறையுது, வயிறு குறையுதில்லை. கால்தான் மெலியுது." சிகிச்சைக்குச் சென்ற இடத்தில், நடப்பதாகப் பொய் சொல்கிறார் என்று ஏசி அனுப்பினார்களாம். காணி போனதற்குக்கூட அவர் கண்ணில் நான் நீரைக் கண்டதில்லை. உழைத்ததை உழைக்கவில்லை என்று சொன்னது அவரைச் சுட்டுவிட்டது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதை விளக்க உடலின் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். இத்தகைய செய்திகளைத் தமிழிற் சொல்ல இயலாது என்பாரும் உளர். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் நம்மவர்க்குத் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தார், நூல்களும் ஆக்கினார். அதுவே அவர்களுக்குப் போதிய விடை.

உடலுக்குப் பிரதான எரிபொருள்கள் இரண்டு. ஒன்று மாப்பொருளிலிருந்து வரும் குளுக்கோசு. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுவது. மற்றது கொழுப்பு. ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். கிளைக்கோசன் சில நூறு கிராம் மட்டுமே இருப்பில் உள்ளது. கொழுப்போ மெலிந்த மனிதனிடத்தும் கிலோக் கணக்கில் உண்டு. ஆறுதலாக இருக்கும்போதும் மிதமாக நடக்கும்போதும் உடல் கொழுப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்கிறது. ஓட்டம் விரைவானால், பாரம் கூடினால், விரைவில் எரியும் குளுக்கோசின் பக்கம் சாய்கிறது. துணைவருடன் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய விறுவிறுப்பான நடை கொழுப்பை எரிக்க உகந்தது என்று சொல்வதன் காரணம் இதுவே.

எரிவதற்குமுன் கொழுப்பு களஞ்சியத்தை விட்டு வெளியே வரவேண்டும். அதிரினலின் போன்ற ஓமோன்கள் களஞ்சியத்தைத் திறக்கின்றன; இன்சுலின் அதைப் பூட்டுகிறது. திறந்தபின் கொழுப்பமிலங்கள் குருதியில் ஏறித் தசைக்குச் செல்கின்றன. தசைக் கலத்தின் இழைமணிகளில் ஒட்சிசனோடு சேர்ந்து எரிகின்றன. எரிந்த கொழுப்பு வியர்வையாக ஒழுகிப் போவதாகவே பலரும் எண்ணுகின்றனர். அதன் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகி மூச்சுவழியே போகிறது. 10 கிலோ கொழுப்பு முற்றாக எரிந்தால் 8.4 கிலோ காற்றோடு கலக்கும்; எஞ்சிய 1.6 கிலோ நீராகும் என 2014இல் இரு அவுஸ்திரேலிய ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினர்.

இந்த நுட்பமான கொடுக்கல் வாங்கலில் நித்திரைக்கு என்ன வேலை? இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த நித்திரையின்போதே வளர்ச்சி ஓமோன் மிகுதியாகச் சுரக்கிறது. வளர்ந்துவிட்ட மனிதனில் அது கொழுப்பை வெளிக்கொணர்கிறது, தசையைக் காக்கிறது. நித்திரை குறைந்தால் மாலையில் தணிய வேண்டிய கோட்டிசோல் தணியாமல் நிற்கிறது. இன்சுலினின் சொல்லை உடல் கேளாதாகிறது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நலமான இளைஞர் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்கவிட்டனர். குளுக்கோசைக் கையாளும் ஆற்றல் அவர்களிடம் தெளிவாகக் குன்றியது. 2012இல் அதே பல்கலைக்கழகத்தாரின் மற்றோர் ஆய்வு கொழுப்புக் கலங்களையே எடுத்துச் சோதித்தது. நான்கு இரவுகளின் குறைநித்திரைக்குப் பின் இன்சுலினுக்கு அக்கலங்கள் காட்டும் உணர்திறன் ஏறத்தாழ 30 வீதம் வீழ்ந்திருந்தது. பூட்டும் திறப்பும் ஒழுங்காக இயங்காத களஞ்சியம் போன்றது அந்நிலை. கொழுப்பமிலங்கள் குருதியில் வேண்டாத நேரத்தில் உலவும், உலவுவதெல்லாம் எரிவதாகாது.

என் அயலவரின் வழக்கை எடுத்துரைப்பது 2010இல் வெளிவந்த சிக்காகோ ஆய்வாகும். பருத்த உடலுடைய 10 பேருக்குக் குறைத்த உணவு கொடுத்தனர். ஒரு பதினான்கு நாள் படுக்கையில் எட்டரை மணி நேரம். இன்னொரு பதினான்கு நாள் ஐந்தரை மணி நேரம். உணவின் அளவு ஒன்றே. இரு தடவையும் அவர்கள் இழந்த நிறையும் ஏறத்தாழ ஒன்றே. மூன்று கிலோ அளவில். ஆனால் இழந்தது எது? நன்றாக உறங்கியபோது கொழுப்பில் 1.4 கிலோ போயிற்று. நித்திரை குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே போயிற்று. மிகுதி தசை முதலான கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போயிற்று. தராசு ஒரே எண்ணைக் காட்டியது. உடலோ கொழுப்பை வைத்துக்கொண்டு தசையை விற்றது. "நிறை குறையுது, வயிறு குறையுதில்லை, கால்தான் மெலியுது" என்ற கமக்காரரின் வாக்கு இந்த ஆய்வின் சுருக்கம் போலவே ஒலிக்கிறது.

இவ்விடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேரும் உணவால் மெலிந்தவர்கள், உடற்பயிற்சியால் அன்று. பத்துப் பேர் சிறிய தொகை. ஓர் இரவு விழித்தவுடன் மறுநாள் நடையில் கொழுப்பு எரிவது நின்றுவிடும் என்பதும் இல்லை. விழித்த உடலின் தசையில் கிளைக்கோசன் குறைந்திருப்பதைக் கண்டுள்ளனர். அத்தகைய உடல் அந்த நேரத்தில் கொழுப்பைச் சற்றுக் கூடுதலாகவே தேடவும் கூடும். ஆனால் அதே தூரம், அதே வேகம், விழித்தவனுக்குக் கூடுதல் பாரமாகத் தோன்றும் என்பது பல ஆய்வுகளிற் கண்ட செய்தி. முக்கால் மணி நடை அரை மணியாகும். அரை மணி ஒருநாள் விட்டு ஒருநாளாகும். பசி கூடும், இனிப்பிலும் மாவிலும் மனம் செல்லும். காவற் கொட்டிலில் நடுச்சாமத்தில் குடிக்கும் சீனித் தேநீரும் கடிக்கும் பணிசும் வாய்ச்சபலம் அல்ல; நித்திரை கேட்ட உடலுக்குக் கொடுத்த இலஞ்சம். ஒரு நாளின் எரிப்பைவிட ஓர் ஆண்டின் கணக்கே பெரிது. நித்திரையற்றவனின் கணக்கு ஒவ்வொரு பக்கத்திலும் அவனுக்கு எதிராகவே எழுதப்படுகிறது.

சிக்காகோ என்ற பெயர் தொழிலாளர்க்குப் புதிதன்று. வேலைக்கு எட்டு மணி, ஓய்வுக்கு எட்டு மணி, தனக்கென எட்டு மணி என்ற பங்கீட்டை றொபேட் ஓவன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எடுத்துச் சொன்னார். அதற்காக 1886 மே மாதம் அந்நகரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஹேமார்க்கெட் சம்பவத்தின் பேரில் நால்வர் 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் கேட்ட எட்டு மணி ஓய்வு உடலுக்கு ஏன் வேண்டும் என்பதை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின் அதே நகரத்துப் பல்கலைக்கழகம் ஆய்வுகூடத்தில் அளந்து காட்டியது. விஞ்ஞானம் நிறுவுமுன்பே உழைப்பவன் தன் உடம்பால் அறிந்திருந்தான்.

"எங்கள் பாட்டன்மாரும் விடியமுன் எழும்பி உழைத்தவர்கள்தானே?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆறில்லாக் குடாநாட்டில் சுண்ணக்கல்லைக் குடைந்து கிணறு வெட்டி, துலாவால் இறைத்துப் பயிர் வளர்த்தவர்கள் நாம். துலாவின் மேல் மிதிப்பவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் பட்டை பிடிப்பார். தோட்டத்தில் ஒருவர் தண்ணீர் கட்டுவார். வெள்ளாப்பில் தொடங்கி வெயில் ஏறும்வரை நிகழும் அந்த நடைக்கு ஈடான கொழுப்பெரிக்கும் பயிற்சியை எந்த உடற்பயிற்சி நிலையமும் கண்டதில்லை. ஆனால் அவர்கள் பொழுது பட்டதும் உண்டு, மண்ணெண்ணெய்க்கும் சிக்கனம் பார்த்து, விளக்கை அணைத்துப் படுத்தவர்கள். எட்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் அதுவும் எட்டு மணி நேரந்தான். எழுந்த நேரத்தைப் போற்றும் நாம் படுத்த நேரத்தை மறந்துவிடுகிறோம்.

அதற்காக அக்காலத்தைப் பொற்காலமாக்கவும் வேண்டியதில்லை. துலாவை மிதித்தவர் எல்லோரும் கிணற்றுக்கு உடையவர் அல்லர். தாழ்த்தப்பட்ட மக்கள் பிறர் கிணற்றில் தாமே அள்ளும் உரிமையின்றி, ஒருவர் வந்து வார்க்கும்வரை குடத்தோடு காத்துக் கிடந்தனர். காலையும் மாலையும் பனை ஏறி இறங்கிய சீவல் தொழிலாளியின் உடலில் கொழுப்புப் படிய இடமே இல்லை. அவனையே கொழுப்பெடுத்தவன் என்றது ஊர்.

பின்னர் வந்தது போர். 1990இல் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் அருமையாயிற்று. மாணவர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தனர்; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழி. எறிகணை விழுந்தால் பதுங்குகுழி. கிளாலிக் கடனீரேரியை மக்கள் இரவிலேதான் உயிரைப் பணயம் வைத்துக் கடந்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தது. அந்த ஓர் இரவில் எத்தனை இலட்சம் பேர் உறங்கவில்லை! ஒரு தலைமுறையே காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்துப் பழகியது. துப்பாக்கி ஓய்ந்த பின்னும் அக்காது மூடவில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலில் போர் இம்மக்கள் மனத்தில் விட்ட வடுக்களை விரிவாக ஆராய்ந்தார். அவ்வடுக்களுள் கெட்ட நித்திரையும் ஒன்று.

இதன் விலையை எவர் கணக்கிட்டார்? இலங்கையில் வளர்ந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நீரிழிவோடோ அதன் முன்னிலையிலோ உள்ளனர் என்று 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வு கூறியது. தகவல் திரட்டப்பட்ட 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர் சென்றது ஏழு மாகாணங்களுக்கு. வடக்குக்கும் கிழக்குக்கும் போக முடியவில்லை. மிகவும் விழித்திருந்த மக்களே எண்ணப்படாமற் போயினர்.

போர் முடிந்தது, நித்திரை திரும்பவில்லை. வடமராட்சிக் கடற்றொழிலாளி இரவில் வலை போட்டவன். இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் தன் வலைக்கும் காவல் இருக்கிறான். கடலடியை வாரும் அம்முறையை 2017இல் இலங்கை சட்டத்தால் தடுத்தது. எல்லை கடந்து வரும் படகுகள் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை. 2022 மார்ச்சில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை சென்றது. எரிபொருள் வரிசையிலேயே இரவைக் கழித்தோர் எத்தனை பேர்!

புலம்பெயர்ந்த நம்மவரையும் நினைத்துப் பார்ப்போம். பாரிசில் நள்ளிரவுவரை உணவகத்தில் கோப்பை கழுவி, விடியமுன் அலுவலகம் கூட்டப்போகும் பிள்ளையின் பணத்தில் இங்கே மாடி எழும்புகிறது. அவன் உறங்காத இரவுகளே சீமெந்தாகவும் ஓடாகவும் நம் ஒழுங்கைகளில் நிற்கின்றன. நாற்பது வயதில் அவனுக்கு மாரடைப்பு என்று செய்தி வரும்போது, "நல்லாய்ச் சாப்பிட்டுப் பெருத்துப் போனான்" என்று இங்கே சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியர்களாகிய நாமும் இந்தக் குற்றச்சாட்டுக்கு வெளியே நிற்க முடியாது. விடியற்காலைத் தனியார் வகுப்பு, பகலில் பள்ளி, மாலையில் மீண்டும் வகுப்பு, நள்ளிரவு வரை படிப்பு என்று உயர்தர மாணவனின் நாளைப் பங்கிட்டவர் யார்? உறங்கி விழும் மாணவனைக் கும்பகர்ணன் என்று கேலி செய்கிறோம். அவனை மாலையில் மைதானத்துக்கு அனுப்பி உடலைப் பேணச் சொல்கிறோம். நித்திரையைப் பறித்துவிட்டுப் பயிற்சியைக் கொடுப்பது, விதையைத் தின்றுவிட்டு வயலுக்கு நீர் இறைப்பது போன்றது.

கைப்பேசியை வைத்துக்கொண்டு தாமாகவே விழித்திருப்போர் இல்லையா என்று கேட்கலாம். உளர். அவர்களுக்கு அறிவுரை போதும்; கருவியை அணைத்தால் நித்திரை கிடைக்கும். ஆனால் இரவுக் காவலாளி எதை அணைப்பான்? இருவேறு நிலையில் உள்ளோருக்கு ஒரே அறிவுரையைக் கொடுப்பது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது அநீதி. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நல்லது, நடப்போம். வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேரமாவது நித்திரை வேண்டும் என்பதும் அதே மருத்துவ உலகின் முடிவு. முதலாவதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டாவதைச் சீட்டில் எழுதினால் அதை எந்தக் கடையில் வாங்குவது?

அது கடையில் இல்லை. வேலை நேரத்தில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது. இரவு வேலை பற்றி உலகத் தொழில் தாபனம் 1990இல் தனியே ஓர் உடன்படிக்கை இயற்றியது. இரவில் உழைப்போர்க்கு மருத்துவச் சோதனையும் ஈடான ஓய்வும் வேண்டும் என்பது அதன் சாரம். எழுத்தில் உள்ள இவை காவற் கொட்டிலுக்கும் வந்து சேர வேண்டும். பன்னிரண்டு மணிக் காவலை எட்டாக்கி, எட்டு மணிக் கூலியே வீட்டை நடத்தப் போதுமானதாக்க வேண்டும். கூலியைக் குறைத்து நேரத்தைக் குறைத்தால் அவன் மற்றொரு காவலுக்குப் போவான். நித்திரை அங்கே போகும். இழந்த காணி திரும்பினால் என் அயலவர்க்கு அந்தக் கொட்டிலே வேண்டியதில்லை. சிகிச்சை நிலையத்தில் நிறையும் குருதியும் பார்ப்பவர் நித்திரையையும் கேட்டு எழுத வேண்டும்; இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, ஒரு கேள்வி போதும். விடியற்காலை வகுப்புகளைக் கைவிட ஆசிரியர் ஒன்றுகூடி முடிவெடுக்கலாம். அதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை.

1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்ட மக்கள் தேநீர்க் கடையில் சமமாக அமரவும் கோயிலில் சமமாக நுழையவும் உரிமை கேட்டனர். கேட்கும்வரை அவை உரிமை என்றே பலருக்குத் தோன்றவில்லை. இரவு முழுவதும் கண்ணை மூடும் உரிமையும் இன்று அந்த நிலையில்தான் இருக்கிறது. உழைப்பவன் கைக்கு வரும் ரூபாய் மட்டும் கூலி அன்று. அந்த உழைப்பு அவன் உடலைத் தின்னாதிருக்க வேண்டிய நித்திரையும் கூலியே. அதைக் குறைத்துக் கொடுப்பவரிடம் பாக்கியைக் கேட்போம்.